எட்டாவது பிள்ளை பேசுகிறேன்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற வணக்கங்களை எனக்கு முன் பேசியவர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். எனக்குக் கொடுத்திருப்பது எட்டே நிமிடம்.

இன்று ஜூலை 11, உலக மக்கள்தொகை நாள். 1987ஆம் ஆண்டு இதே நாளில் உலக மக்கள் 500 கோடியைத் தொட்டார்கள் என்று கணக்கிட்டார்கள். அதிலிருந்து வந்த நாள். தலைப்பு உங்களுக்குத் தெரியும். மக்கள்தொகைப் பெருக்கத்தையும் அதனால் மண்ணுக்கும் நீருக்கும் நேர்வதையும் மாணவர் மனத்தில் பதிய வைப்பது வகுப்பறையா, வாழ்க்கையா? நான் வகுப்பறைக் கட்சி. முப்பது ஆண்டுகளாகப் புவியியல் நடத்துகிறவன், வேறு எங்கே போய் நிற்பேன்?

ஆனால் எதிரணித் தலைவர் ஒன்று சொல்லிக் கைதட்டு வாங்கிப் போயிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லாமல் தலைப்புக்குள் நுழைந்தால் என் அக்காமார் என்னை வீட்டுக்குள் நுழைய விடமாட்டார்கள். மூவரும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். அவர் சொன்னது இது: "எனக்குப் பின் பேச வருகிற நண்பர் தம் பெற்றோருக்கு எட்டாவது பிள்ளை. அந்தக் காலத்திலேயே மக்கள்தொகைப் பாடம் நடந்திருந்தால் இன்று இந்த மைக் காலியாக நின்றிருக்கும்!"

ஐயா, உண்மைதான். நான் எட்டாவது. மறுக்கவில்லை. ஆனால் நடுவர் அவர்களே, தேவகிக்கு எட்டாவதாகப் பிறந்த பிள்ளை யார்? கண்ணன். அந்த எட்டாவது பிள்ளை வேண்டவே வேண்டாம் என்று சிறைச்சாலை வாசலில் காவல் போட்டவன் யார்? எதிரணித் தலைவர் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தபோதே எனக்கு லேசாகச் சந்தேகம் இருந்தது.

எட்டாவது பிள்ளையின் கஷ்டம் அவருக்கு என்ன தெரியும்? அவர் வீட்டுக்கு ஒரே பிள்ளை. எங்கள் அப்பா என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் முதல் பிள்ளையிலிருந்து வரிசையாக எல்லாப் பெயரையும் சொல்லி, என் பெயருக்கு வருவதற்குள் எதற்குக் கூப்பிட்டோம் என்பதை மறந்துவிடுவார். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் பிறந்த தேதி கேட்டார். அப்பா யோசித்தார். "அந்த வருடம்தான் கிழக்கு மதில் இடிந்தது" என்றார். தலைமையாசிரியர் தாமே ஒரு ஜூன் மாதத் தேதியை எழுதிக்கொண்டார். எங்கள் வீட்டில் நான்கு பேருக்கு ஜூன் மாதம் பிறந்தநாள். என் முதல் சட்டை எனக்கு முன் மூன்று அண்ணன்மார் போட்டுக் கழித்தது. மறுசுழற்சி என்று இன்றைக்குச் சொல்கிறார்களே, அதை எங்கள் வீட்டில் அண்ணன்மார்தான் ஆரம்பித்து வைத்தார்கள்.

தோசைக்கு வருகிறேன். அம்மா அடுப்படியில் உட்கார்ந்து சுடுவாள். வரிசையில் கடைசி ஆள் நான். என் முறை வரும்போது மாவுச் சட்டியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்கும். மக்கள் பெருகும் வேகத்துக்கு உணவு பெருகாது என்று மால்தஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1798இல் எழுதினார். பாவம், அவர் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லைப் பார்த்ததில்லை.

நடுவர் சிரிக்கிறார். ஏன் சிரிக்கிறார் என்றும் எனக்குத் தெரிகிறது. "இது வாழ்க்கை கற்பித்த பாடமாயிற்றே, எதிரணிக்குத்தானே மதிப்பெண் போகும்" என்று நினைக்கிறார். பொறுங்கள் ஐயா. மாவு தீர்ந்தது என்பதை வாழ்க்கை எனக்குச் சொன்னது. ஏன் தீர்ந்தது என்று சொன்னதா? கடைசியாகப் பிறந்தது என் தப்பு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் கணக்குப் படித்த பிறகு ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எல்லோருக்கும் மூன்று, பெரிய அண்ணன் ஒருவனுக்கு மட்டும் ஏழு!

இந்த ஏழு என்ற கணக்கை மறந்துவிடாதீர்கள், மறுபடியும் வரும்.

ஒன்பதாம் வகுப்பில் மக்கள்தொகைப் பாடத்தை நான் கடலை மிட்டாய் வைத்துத்தான் நடத்துவேன். நாற்பது பிள்ளைகள். அந்த நாற்பதும் உலகம். தொகைக் கணக்குப்படி ஆசியாவுக்கு 24 பேர். அதில் இந்தியாவுக்கு மட்டும் 7. ஆப்பிரிக்காவுக்கு 7, ஐரோப்பாவுக்கு 4, தென் அமெரிக்கப் பக்கத்துக்கு 3, அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து 2. ஆஸ்திரேலியாவுக்கு ஒரு முழுப் பிள்ளை தேறாது. ஒரு பையன் "நான் அரை ஆளாக நிற்கிறேன் ஐயா" என்று ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். உட்காரச் சொன்னேன்.

இப்போது மிட்டாய். ஒரு மிட்டாய் என்றால் ஒருவர் ஓர் ஆண்டில் விடுகிற கரியமில வாயுவில் இரண்டு டன். "புகையைத் தின்னச் சொல்கிறீர்களா ஐயா?" என்று கேட்டது ஒன்று. இந்தியர் ஒருவருக்குச் சுமார் இரண்டு டன். ஆளுக்கு ஒரு மிட்டாய். ஆப்பிரிக்காவில் சராசரி அதில் பாதி. உடைத்துக் கொடுத்ததில் தூள் முழுவதும் என் மேசையில். அமெரிக்கர் ஒருவருக்குச் சுமார் 14 டன். ஆளுக்கு ஏழு மிட்டாய். நடுவர் குறித்துக்கொள்ளுங்கள், எங்கள் அண்ணன் தின்ற அதே ஏழு.

அமெரிக்காவாக நின்ற பையன் மூன்றாவது மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தான். இந்தியா வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "ஐயா, நாங்கள் ஏழு பேரும் பிறக்கவே இல்லை என்றால் எத்தனை மிட்டாய் மிச்சம்?" ஏழு அம்மா. "அவன் ஒருவன் இரண்டோடு நிறுத்திக்கொண்டால்?" ஐந்து. "அப்படியானால் புத்தகத்தில் எங்கள் எண்ணிக்கையை மட்டும் ஏன் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பக்கத்தில் இருந்தவன் ஆரம்பித்தான். "இந்தியாவில் மட்டும் எல்லோருக்கும் ஒன்றா? எங்கள் எதிர்வீட்டில் நான்கு அறைக்கு நான்கு ஏசி. அவர்களுக்கு நான்கு கொடுங்கள், எனக்குப் பாதி கொடுங்கள்." பாதி மிட்டாயைத் திருப்பியே கொடுத்துவிட்டான் ஐயா! மணி அடித்தும் அந்த வகுப்பு கலையவில்லை. அமெரிக்கா கடைசியில் மீதி நான்கையும் ஆப்பிரிக்காவிடம் கொடுத்துவிட்டு ஓடினான். நல்ல மனது என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அவனுக்குப் பல்வலி.

வாழ்க்கை இந்தக் கேள்விகளைக் கேட்குமா? 2019 கோடையில் சென்னையில் குடத்தோடு நின்ற வரிசையே பெரிய பாடம் என்று எதிரணியில் ஒரு சகோதரி உருகிப் பேசினார். நானும் நின்றேன் சகோதரி. அந்த ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தபோது வேடிக்கை பார்த்தவர்களில் நானும் ஒருவன். வரிசை எனக்கு முழங்கையால் இடிக்கக் கற்றுக்கொடுத்தது. ஒரு காலத்தில் ஐம்பது சதுர கிலோமீட்டருக்கு மேல் கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறும்போது 1,247 ஹெக்டேராக, அதாவது பன்னிரண்டரை சதுர கிலோமீட்டராக, ஏன் சுருங்கி நின்றது என்று அந்த வரிசையில் யாராவது பேசினார்களா? குப்பையைக் கொட்டினோம், சாலை போட்டோம், கட்டடம் கட்டினோம், மழை வந்தால் வெள்ளம் என்றோம், வராவிட்டால் வறட்சி என்றோம். பழைய வரைபடத்தையும் புதிய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவருக்குக் காட்ட ஒரு சுவர் வேண்டும். அந்தச் சுவர் வகுப்பறையில் இருக்கிறது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொல்லி 1991இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. அதை விரிக்க நேரமில்லை.

நடுவரின் கை மணிப் பக்கம் போகிறது. ஐயா, ஒரு நிமிடம். மைக் காலியாக இருந்திருக்கும் என்றாரே, அதற்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. கண்ணன் கதை சொல்லித் தப்பித்துவிட்டேன்.

எங்கள் அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை. தேசியக் குடும்பநல ஆய்வில் ஒரு கணக்கு உண்டு. 2019-21இல் எடுத்தது. பள்ளிக்கே போகாத பெண்களுக்குச் சராசரியாக 2.8 குழந்தைகள், பன்னிரண்டு ஆண்டும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு 1.8. அம்மா காலத்தில் எட்டு. அவளை யாரும் கேட்கவில்லை. குடும்பக் கட்டுப்பாட்டுச் சின்னமான சிவப்பு முக்கோணம் எங்கள் ஊர்ச் சுவருக்கு வந்தபோது நான் நடந்துகொண்டிருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வீட்டு வராந்தாவில் மறுநாள் பாடத்துக்காக அட்டையில் 1971ஆம் ஆண்டு இந்தியாவின் மக்கள்தொகை பிரமிடு வரைந்துகொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னப்பா இது, கோயில் கோபுரமா?" என்றாள். இல்லையம்மா, இது ஜனக்கணக்கு. அடியில் அகலமாக இருக்கிறதே, அது சின்னப் பிள்ளைகள். மேலே போகப் போக வயதானவர்கள் என்று சொன்னேன். அடிப்படியில் விரலை வைத்தாள். "இதில் நீ இருக்கிறாயா?" இருக்கிறேன் அம்மா, எனக்கு அப்போது மூன்று வயது. அவளுக்கு ஒரே சந்தோஷம். விரலை மெல்ல மேலே நகர்த்தினாள். பெரியவன், அதற்கடுத்தவள், அடுத்தவன் என்று ஒவ்வொருவருக்கும் நான் படி காட்டினேன். அம்மாவுக்கு எண்ணத் தெரியும். விரல் நின்றுவிட்டது.

"ஐந்தாவது எங்கே?"

அவள் பெயர் எங்கள் வீட்டில் அதிகம் பேசப்படாது. 1962இல் பிறந்தாள். ஒன்றரை வயதில் வயிற்றுப்போக்கு. ஊர்க் கிணற்றுத் தண்ணீர் என்று பிறகு சொன்னார்கள். 1961இல் கணக்கெடுக்க வந்தவர் போன பிறகு வந்தாள். 1971இல் மறுபடி வருவதற்கு முன்பே போய்விட்டாள். புவியியல் ஆசிரியன் நான் அட்டையை மேலும் கீழும் பார்த்தேன். அம்மா விரலை எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள்.

அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது நடுவர் அவர்களே. ஒவ்வோர் ஆண்டும் அதைத்தான் வகுப்பில் மாட்டுகிறேன். எட்டு, ஒன்பது வயதுக்காரர்களின் படியில், பட்டைக்கு வெளியே, பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அது என்னவென்று எந்த வருடமும் ஒரு பிள்ளையாவது கேட்டுவிடும்.

நன்றி, வணக்கம்.