சென்சார் காட்டுவது எந்த நேரத்துச் சர்க்கரை?

[காட்சி: பாம்பன் கரை, விடியற்காலை. வலையை மடிக்கும் ஒருவரின் மேற்கையில் வெள்ளை வில்லை.]

வணக்கம். சர்க்கரை நோய்க்காக, சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொண்டவர்களில் பலர் முதல் வாரத்திலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு: விரலில் குத்திப் பார்த்தால் ஓர் எண், சென்சாரில் வேறோர் எண். கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன், அது எதை அளக்கிறது என்று பார்ப்போம்.

[காட்சி: தோலின் குறுக்குவெட்டுப் படம்.]

வில்லையின் அடியிலிருந்து மெல்லிய இழை ஒன்று சில மில்லிமீட்டர் ஆழத்துக்குத் தோலுக்குள் செல்கிறது. அது நிற்பது இரத்தக் குழாயில் அன்று, செல்களைச் சூழ்ந்துள்ள திரவத்தில். இழையில் பூசப்பட்ட நொதி அங்குள்ள குளுக்கோஸுடன் வினைபுரியும்போது எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தையே கருவி எண்ணாக மாற்றுகிறது. கடலில் நீர் ஏறினாலும் கரை மணலில் தோண்டிய ஊற்றில் அது தெரியச் சற்று நேரமாவது போல, இரத்தத்தில் ஏறிய சர்க்கரை இந்தத் திரவத்தில் தெரிய 5 முதல் 15 நிமிடங்கள் வரை ஆகலாம்.

ஆகவே, இரண்டையும் ஒப்பிட விரும்பினால் சாப்பாட்டுக்கு முன், சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று திரையில் காட்டும் அம்பு படுக்கையாக இருக்கும்போது ஒப்பிடுங்கள். அம்பு மேலேறும் வேளையில் எண்கள் பொருந்தவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. விரலில் குத்தும் மீட்டரும் பிசகற்றதன்று. இந்த மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 15197கூட, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 100 மி.கி.க்குக் கீழே இருந்தால் 15 மி.கி. வரையும், அதற்கு மேலே இருந்தால் 15 சதவீதம் வரையும் ஆய்வக அளவிலிருந்து வேறுபாட்டை ஏற்கிறது. கருப்பட்டியோ நுங்கோ தொட்ட விரலைக் கழுவாமல் குத்தினால் எண் வீணாக உயரும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள்.

[காட்சி: இரவு, திண்ணையில் ஒருக்களித்து உறங்கும் முதியவர்.]

என் தந்தைக்குச் சென்சார் ஒட்டிய மூன்றாம் இரவு, இரண்டரை மணிக்கு அலாரம் அடித்தது, திரையில் 58. பதறிப்போய் எழுப்பினேன். அவர் இடக்கையின் மேல் படுத்திருந்தார். சென்சாரும் அந்தக் கையில்தான். விரலில் குத்திப் பார்த்தபோது 121 இருந்தது. உடல் எடை அழுத்தும்போது அந்த இடத்துக்கு இரத்தமும் திரவமும் வருவது குறைகிறது, எண்ணும் பொய்யாகச் சரிகிறது. எந்தப் பக்கம் படுத்து உறங்குவீர்கள் என்று பார்த்து, மறு கையில் ஒட்டுங்கள். இதை ஒட்டும் அன்றே யாராவது சொல்லியிருக்கலாம் என்ற ஆதங்கத்தில்தான் இந்த வீடியோவைச் செய்கிறேன்.

ஒட்டும் இடத்தில் தேங்காய் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ஒட்டிய முதல் நாளில் எண்கள் சற்றுத் தடுமாறலாம். லிப்ரே 2 என்ற வகைச் சென்சாரை அணிபவர்கள் நாளொன்றுக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி உட்கொண்டால் எண் உண்மையைவிட உயர்ந்து தெரியக்கூடும். வைட்டமின் சி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மன்னார் வளைகுடாவில் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது உள்ளது. லிப்ரே 2 சென்சார் தாங்குவது 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடங்கள் மட்டுமே. உங்கள் வேலையோ அதற்கும் கீழே, மணிக்கணக்கில் நடக்கிறது. பாறையில் விரல் கிழிந்த உங்களுக்கு, மீண்டும் குத்து என்று சொல்வது எளிதன்று; ஆனாலும் கடலுக்குள் இறங்கும் நாட்களில் விரலில் குத்தும் மீட்டரையே நம்புங்கள்.

[காட்சி: நண்பகல், படகில் வலை இழுக்கும் கைகள்.]

வெயிலில் வலை இழுப்பவருக்கு வரும் வியர்வையும் நடுக்கமும் உழைப்பினாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று பிரித்தறிவது கடினம். உடல் ஒன்று சொல்ல, சென்சார் வேறொன்று காட்டினால் விரலில் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், அல்லது குத்திப் பார்க்க வழியில்லாமல் அறிகுறிகள் மட்டும் இருந்தால், 15 கிராம் சர்க்கரையை உடனே உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் விரலில்தான் சோதிக்க வேண்டும். சென்சார் அப்போதும் பழைய தாழ்ந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கலாம். அதைக் கண்டு அஞ்சி மேலும் மேலும் சர்க்கரை தின்றவர்களுக்கு ஒரு மணி நேரத்தில் 300ஐத் தாண்டுவதும் உண்டு. உப்புக் காற்றின் ஈரம், மீட்டரில் செருகும் சோதனை ஸ்ட்ரிப்புகளைக் கெடுத்துவிடும். ஆகவே அவற்றை அவற்றின் குப்பியிலேயே இறுக மூடி, சர்க்கரைப் பொட்டலத்துடன் நீர் புகாத டப்பாவில் போட்டு, படகில் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.