3-க்கும் 4-க்கும் இடையே தூரம் 7: டாரண்ட் கோப்பைத் தேடும் கணக்கு

வணக்கம். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பேசுகிறேன். 3-க்கும் 4-க்கும் இடையே உள்ள தூரம் 7 என்றால் தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டுப் பிள்ளையும் சிரிக்கும்; ஆனால், மைய சர்வர் எதுவும் இல்லாமல், ஒரு மேக்னட் இணைப்பை (கோப்பின் அடையாள எண்ணைத் தாங்கிய இணைப்பை) மட்டும் வைத்துக்கொண்டு உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தின் கோப்பு யாரிடம் இருக்கிறது என்று உங்கள் டாரண்ட் செயலி கண்டுபிடிப்பது இந்த விநோதக் கணக்கால்தான்.

வரலாற்றை ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன்: ஒரு கோப்பைத் துண்டு துண்டாகப் பயனர்களே ஒருவருக்கொருவர் பகிரும் பிட்டாரண்டை பிராம் கோஹென் 2001-இல் வெளியிட்டார், மேமூன்கோவ், மசியேர் என்ற இருவர் 2002-இல் கடெம்லியா என்ற தேடும் முறையை வகுத்தார்கள்.

கோப்பின் பெயரை யாரும் மாற்றிவிடலாம். அதனால் பெயர், அளவு, ஒவ்வொரு துண்டின் ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்) ஆகியவை அடங்கிய பட்டியலை ஷா-1 என்ற ஹேஷ் கணக்கில் போட்டு, 160 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கம்) கொண்ட ஓர் எண்ணைக் கோப்பின் ஹேஷாகப் பெறுகிறார்கள். மேக்னட் இணைப்பில் நீங்கள் பார்க்கும் 40 எழுத்து நீள வால் அதுதான்.

இனி எனக்குப் பிடித்த இடம். வலையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் அதே 160 பிட்டில் ஓர் அடையாள எண் உண்டு. நம் மலேசிய ஐசி (அடையாள அட்டை) எண்ணில் 07 என்றால் பினாங்கு, 14 என்றால் கோலாலம்பூர் என்று பிறந்த இடம் தெரிந்துவிடும். இந்த எண்ணிலோ ஊர் வாசனையே கிடையாது. இரண்டு எண்களுக்கிடையே தூரம் காண, அவற்றை இரும எண்ணாக எழுதி, ஒத்த இடத்தில் 0, மாறுபட்ட இடத்தில் 1 போடவேண்டும். 3 என்பது 011, 4 என்பது 100. மூன்று இடங்களும் மாறுபடுவதால் 111, அதாவது 7. ஆனால் 4-க்கும் 5-க்கும் தூரம் வெறும் 1. கோப்பின் ஹேஷுக்கு இப்படி மிக அருகில் அமையும் கணினிகள், கோப்பை அல்ல, அதை வைத்திருப்பவர்களின் முகவரிகளைக் காத்துவருகின்றன. உங்கள் செயலி தனக்குத் தெரிந்தவர்களைக் கேட்க, அவர்கள் இன்னும் அருகில் உள்ளவர்களைக் காட்ட, ஒவ்வொரு கேள்விக்கும் தேடும் பரப்பு பாதியாவது குறைகிறது. ஒரு கோடி கணினிகள் இருந்தாலும் ஏறத்தாழ 24 படிகள் போதும். இதைவிட அழகான கணக்கு இணையத்தில் வேறு இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், சண்டைக்கு நான் தயார்!

துண்டு பிரேசிலிலிருந்து வந்தாலும் பட்டர்வொர்த்திலிருந்து வந்தாலும் செயலி அதன் ஹேஷைக் கணக்கிட்டுப் பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தாவிட்டால் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி கேட்கும். அனுப்பியவர் யார் என்ற கவலையே வேண்டாம். 2017-இல் ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ என்ற கணித, கணினி ஆய்வு மையத்தின் ஆய்வாளர்களும் கூகுளும் ஒரே ஷா-1 ஹேஷ் கொண்ட இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளைக் காட்டிவிட்டதால், பிட்டாரண்டின் இரண்டாம் பதிப்பு ஷா-256 என்ற இன்னும் வலுவான ஹேஷ் கணக்குக்கு மாறியது. அதில் கெட்டுப்போனது எந்த 16 கிலோபைட் துணுக்கு என்பதுவரை பிடித்துவிடலாம்.

ஆனால் ஒன்று: கேட்ட கோப்புதான் வந்தது என்பதற்கு மட்டுமே ஹேஷ் சாட்சி, அந்தக் கோப்பில் வைரஸ் இல்லை என்பதற்கு அல்ல. எனவே உபுண்டுவை இறக்கியதும் அதன் ஷா-256 ஹேஷை நீங்களே கணக்கிட்டு, உபுண்டுவின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ளதோடு கடைசி எழுத்துவரை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுவுங்கள்.