டீன் அலுவலகத்துப் பழைய கோப்புகள்

நண்பர்களே, வணக்கம். பொது சுகாதாரம் என்றதும் தடுப்பூசி, குடிநீர், கொசு என்றுதான் பேச்சு போகும். இன்றைக்கு நான் பேச வந்தது அதைச் சொல்லிக்கொடுக்கிற ஒரு பள்ளியின் அலுவலகக் கோப்புகளைப் பற்றி. கடிதம், பட்ஜெட், கமிட்டி மினிட்ஸ், நியமன உத்தரவு, இவ்வளவுதான். ஆனால் எனக்கு இவை உயிருள்ள காகிதங்கள்.

ஹார்வர்டை எடுத்துக்கொள்வோம். 1913ல் ஹார்வர்டும், அமெரிக்காவின் இன்னொரு கல்வி நிறுவனமான எம்.ஐ.டி.யும் சேர்ந்து சுகாதார அதிகாரிகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கின. 1922ல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கொடுத்த பணத்தில் அது ஹார்வர்ட் பொது சுகாதாரப் பள்ளி ஆனது. முதல் டீன் டேவிட் எட்சல், அவரே மருத்துவப் பள்ளிக்கும் டீன். 1946ல்தான் மருத்துவப் பள்ளியிலிருந்து பிரிந்து தனியாக நின்றது. சரி, இதில் கோப்புக்கு என்ன சம்பந்தம்? ஒரே ஆள் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய கடிதத்தை எந்தப் பள்ளியின் பெட்டியில் தேடுவீர்கள்? இரண்டிலும்தான் தேடவேண்டும். ஆவணக் காப்பகத்தில் வேலை செய்கிறவர்கள் தலைப்புவாரியாகக் கலைத்து அடுக்காமல், எந்த அலுவலகம் உருவாக்கியதோ அதன் பெயரிலேயே, அது வைத்திருந்த வரிசையிலேயே வைப்பதற்குக் காரணம் இதுதான், ஏனென்றால் ஒரு கடிதத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்பதும் ஒரு செய்தி.

அப்புறம் ஆலிஸ் ஹாமில்டன். ஈய நஞ்சு தொழிலாளர்களை எப்படிக் கொல்கிறது என்று தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் பார்த்தவர். 1919ல் ஹார்வர்ட் அவரை உதவிப் பேராசிரியராக நியமித்தது, அந்தப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் ஆசிரியர் அவர்தான். ஆசிரியர் மன்றத்துக்குள் வரக்கூடாது, பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக்கூடாது, கால்பந்து டிக்கெட் கேட்கக்கூடாது என்று நிபந்தனை வேறு. 1935ல் ஓய்வு பெறும்போதும் அதே உதவிப் பேராசிரியர். பதினாறு வருடம்! ஆண்டறிக்கை பெயரையும் பதவியையும் சொல்லும், ஆனால் பதவி உயர்வுக்கு யாராவது சிபாரிசு செய்தார்களா, யார் மறுத்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்று கேட்டால் அலுவலகக் கடிதங்களிடம்தான் போகவேண்டும். அவருக்குச் செய்த அநியாயத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறுவதில்லை.

இந்தப் பெட்டிகளை உடனே திறந்து பார்க்க முடியாது. ஹார்வர்டின் நிர்வாக ஆவணங்கள் எழுதிய நாளிலிருந்து 50 வருடம் மூடியிருக்கும், மாணவர், ஊழியர் பற்றிய தனிப்பட்ட விவரம் இருந்தால் 80 வருடம். எண்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன், ஒருவருடைய மதிப்பெண்ணும் நோயும் ஊர் பார்க்க வேண்டியதில்லை. பட்ஜெட்டுக்கும் கமிட்டி முடிவுக்கும் ஐம்பது அதிகம் என்பது என் எண்ணம். எய்ட்ஸ் முதன்முதலில் பதிவானது 1981ல். அந்த வருடம் டீன் அலுவலகத்தில் எழுதிய கடிதம் 2031ல்தான் வெளியே வரும், அன்றைக்கு முடிவெடுத்தவர்களிடம் நேரில் விளக்கம் கேட்க எத்தனை பேர் மிச்சமிருப்பார்கள்?

இப்போது கடிதமெல்லாம் மின்னஞ்சல். கார்பன் நகல் பீரோவில் தானாகத் தங்கியது, மின்னஞ்சல் அப்படி இல்லை, ஆள் மாறினால் கணக்கும் போய்விடுகிறது. உங்களில் கல்லூரி அலுவலகத்தில் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கணக்கை மூடுவதற்கு முன்னால், பீரோவைக் காலி செய்வதற்கு முன்னால், காப்பகத்துக்கு ஒரு போன் பண்ணுங்கள்.