பூஜ்யம் என்று சொல்வதற்கு முன்

நேயர்களுக்கு வணக்கம். சி என்ற புரோகிராமிங் மொழி படிக்கிறவர்கள் முதல் நாள் எழுதுவது, அந்த இரண்டு சொற்களைத் திரையில் காட்டும் 'ஹலோ வேர்ல்டு' புரோகிராம். ஐந்தாறு வரிதான். அதற்குள்ளும் ஒரு பிழை உண்டு. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம்.

லினக்ஸில் ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் ஃபுல் என்று ஒரு கோப்பு இருக்கிறது. அதில் எதை எழுதப்போனாலும் இடமில்லை என்ற பிழைதான் கிடைக்கும். ஹலோ வேர்ல்டின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிடுங்கள். ஓர் எழுத்துகூடப் போய்ச் சேராது. அப்புறம் எக்கோ, டாலர், கேள்விக்குறி என்று அடித்தால், புரோகிராம் என்ன எண்ணைக் கொடுத்துவிட்டு முடிந்தது என்று ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை ஓட்டும் புரோகிராம், காட்டும். பூஜ்யம் வரும். பூஜ்யம் என்றால் வேலை நல்லபடியாக முடிந்தது என்று அர்த்தம்.

ஏன் இப்படி? மெயின் என்ற ஃபங்ஷன்தான் புரோகிராமின் தொடக்கம் என்று வகுப்பில் சொல்கிறோம். உண்மையில் கெர்னல், அதாவது லினக்ஸின் மையப்பகுதி, புரோகிராமை நினைவகத்தில் ஏற்றியபின் முதலில் ஓடுவது சி லைப்ரரியின் துவக்கப் பகுதி. மெயினை அழைப்பதே அதுதான். மெயின் திருப்பித் தரும் எண்ணை, புரோகிராமை முடித்துவைக்கும் எக்ஸிட் என்ற ஃபங்ஷனிடம் ஒப்படைப்பதும் அதுதான். எக்ஸிட், 'முடியும்போது இதை ஓட்டு' என்று நாம் அட்எக்ஸிட் மூலம் பதிந்து வைத்த ஃபங்ஷன்களைக் கடைசியில் பதிந்ததிலிருந்து பின்னோக்கி ஓட்டும். அதற்குப் பிறகே பஃபரில், அதாவது வெளியீடு எழுதப்படும்வரை காத்திருக்கும் நினைவகப் பகுதியில், மிச்சமிருப்பதை வெளியே எழுதும். வெளியீடு திரைக்குப் போனால் வரிக்கு வரி எழுதப்படும். கோப்புக்குப் போனால் பஃபர் நிறையும்வரை அங்கேயே கிடக்கும். நம் ஹலோ வேர்ல்டு எழுதப்படுவதே எக்ஸிட்டுக்குள்தான். அங்கே எழுத முடியாமல் போனால் கேட்பதற்கு ஆள் இல்லை. பூஜ்யம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த எண்ணை நம்பித்தான், புரோகிராம்களைப் படிப்படியாக உருவாக்கித் தரும் மேக் என்ற கருவி அடுத்த படிக்குப் போகிறது. 'புதிய பேக்கப் எடு, அது சரியாக முடிந்தால் பழையதை அழி' என்று எழுதிய ஸ்கிரிப்டும் அதை நம்பித்தான் ஓடுகிறது. டிஸ்க் நிரம்பிய இரவில் பொய்யாக ஒரு பூஜ்யம் வந்தால் இரண்டு பிரதியும் இல்லை.

சரி, என்ன செய்யலாம்? மெயின் முடிவதற்கு முன், பஃபரில் உள்ளதை உடனே எழுதச் சொல்லும் எஃப்ஃபிளஷை அழைத்து, அது தரும் விடையைப் பாருங்கள். தவறியிருந்தால், பிழைச் செய்திகளுக்கென்று உள்ள தனி வழியான எஸ்டிடிஎர்ரில் காரணத்தை எழுதிவிட்டு, பூஜ்யமல்லாத எண்ணோடு வெளியேறுங்கள். குனூ கோர்யூட்டில்ஸ் என்ற அடிப்படைக் கட்டளைத் தொகுப்பில் உள்ள கேட், எல்எஸ் போன்றவை இந்தச் சோதனையை அட்எக்ஸிட்டில் பதிந்து வைத்திருக்கின்றன. அங்கே பிழை தெரிந்தால் அண்டர்ஸ்கோர் எக்ஸிட்டை அழைத்து நேராக வெளியேறுகின்றன. எக்ஸிட் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி எக்ஸிட்டை அழைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு சி தரநிலை உத்தரவாதம் தருவதில்லை.

பிழைகளின் எண்ணிக்கையையே எக்ஸிட் எண்ணாகக் கொடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். ஷெல்லுக்குப் போய்ச் சேருவது எட்டு பிட் மட்டுமே, 255 வரைதான். 256 பிழைகள் வந்தால் ஷெல் பார்ப்பது பூஜ்யம்! கோப்பில் சொற்களைத் தேடும் கிரெப்பின் வழக்கம் நல்ல வழக்கம்: கிடைத்தால் 0, கிடைக்காவிட்டால் 1, கோளாறு என்றால் 2.

புரோகிராமை அந்த நொடியே நிறுத்திவிடும் கில் மைனஸ் ஒன்பது வந்தால் அட்எக்ஸிட்டில் பதிந்தது எதுவும் ஓடாது. ஷெல் 137 என்று காட்டும், 128-உடன் 9. தற்காலிகக் கோப்புகள் அப்படியே கிடக்கும். அவற்றைப் புரோகிராமின் அடுத்த ஓட்டம் தொடக்கத்திலேயே தேடி நீக்கும்படி எழுதிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.