எந்தக் கேஸ் உன்னோடு வீட்டுக்கு வந்தது?

(மாட்டுங்காவில், தாராவி, சயான் பகுதிகளில் வேலை செய்யும் தமிழ்த் தன்னார்வலர்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியது. ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கொஞ்சம் இரைகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அழைப்பிதழில் என்னை 'மேற்பார்வையாளர்' என்று போட்டிருக்கிறார்கள். அந்தச் சொல் எனக்கு என்றைக்கும் ஒட்டியதில்லை. நம் பம்பாயில் மேற்பார்வை என்றால் முகாதம், அதாவது துப்புரவுக்காரர்களை மேய்க்கும் மேஸ்திரிதான் ஞாபகத்துக்கு வருவார். கையில் நோட்டு, காலையில் ஹாஜரி, யார் துடைப்பம் பிடித்தார்கள், யார் டீக்கடையில் நின்றார்கள் என்ற கணக்கு. என் அப்பா துப்புரவு வேலையில் இருந்தவர். முகாதம் தூரத்தில் வந்தாலே பீடியை அணைத்துவிடுவார். நானும் இந்த வேலைக்கு வந்த புதிதில் அப்படி ஒரு முகாதமாகத்தான் இருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். வெள்ளமோ, கலவரமோ, போரோ, ஊரடங்கோ எது வந்தாலும் அதன் பின்னாலேயே பெண்கள் மீதான வன்முறையும் கூடி வருகிறது. சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் தார்ஷீட் கொட்டகைகளில் தாழ்ப்பாள் கிடையாது, குளிக்க மறைவு கிடையாது. மனைவியை இழந்த ஆண்களுக்கு வயது குறைந்த பெண்களைக் கட்டிவைத்த செய்திகளும் அப்போது வந்தன. 2017 ஆகஸ்டுக்குப் பிறகு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் மியான்மரிலிருந்து வங்கதேசத்துக்குள் வந்தார்கள். அவர்களில் பல பெண்கள் வரும் வழியிலும் அதற்கு முன்பும் அனுபவித்ததைச் சொல்வதற்குச் சொல்லே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். இப்படி ஒரு பெண் வந்து உட்காரும்போது அவர் பேச்சைக் கேட்டு, ஆஸ்பத்திரி, தங்குமிடம், வக்கீல், போலீஸ் என்று அவருக்கு எது வேண்டுமோ அதற்கு வழி செய்து, கூடவே நடப்பவரைக் கேஸ் ஒர்க்கர் என்கிறோம். அந்தக் கேஸ் ஒர்க்கரோடு உட்காருவதுதான் என் வேலை. பாதிக்கப்பட்ட பெண்ணை நான் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

சரி, 2020-க்கு வருவோம். மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர், நாள் முழுக்க. உங்களில் பாதிப் பேர் அந்த அறைகளில் இருந்தவர்கள், நான் விவரிக்கத் தேவையில்லை. அடிக்கிறவனும் அடி வாங்குகிறவளும் ஒரே மின்விசிறிக்கடியில். எங்கள் கேஸ் ஒர்க்கர்கள் ஆறு பேரும் போனில்தான் வேலை பார்த்தார்கள். ஒரு பெண் எப்போது பேச முடியும்? பொதுக் கழிப்பறை வரிசையில் நிற்கும்போது. முன்னால் எட்டுப் பேர் நின்றால் ஏழெட்டு நிமிடம் கிடைக்கும். வரிசை நீளமாக இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

எங்களில் ஒரு பெண், தாராவியிலேயே பிறந்து வளர்ந்தவள், இருபத்து நாலு வயது, ஒரு ஏற்பாடு செய்தாள். அவள் போன் செய்யும்போது பாதிக்கப்பட்ட அக்காவின் புருஷன் பக்கத்தில் இருந்தால், அந்த அக்கா 'மாவு புளிச்சிருச்சு' என்று சொல்ல வேண்டும். உடனே இவள் இட்லி மாவு விற்கிறவளாகி, 'அப்ப நாளைக்குத் தரவா?' என்று கேட்டு வைத்துவிடுவாள். 'மாவு தீந்துபோச்சு' என்று சொன்னால் ஆபத்து, உடனே ஆள் வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

இவ்வளவு சூட்டிகையான பெண்தான் ஒரு வியாழக்கிழமை என் எதிரில், அதாவது போன் திரைக்கு எதிரில், ஒரு அக்காவின் கேஸ் பற்றிய நாலு பக்கக் குறிப்போடு உட்கார்ந்தாள். போலீஸில் யாரிடம் பேசினாள், தங்குமிடத்தில் எத்தனை படுக்கை காலி, வக்கீல் என்ன சொன்னார், எல்லாம் இருந்தது. 'அக்கா, அவங்க கம்ப்ளைண்ட் குடுக்கவே மாட்டேங்கிறாங்க. ரெண்டு நாளா போனும் எடுக்கலை' என்றாள். குரலில் கோபம்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். 'அவங்க உன்கிட்ட என்ன கேட்டாங்க?'

பேச்சில்லை. குறிப்பைப் புரட்டினாள். இரண்டாம் பக்கத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: பையனோட டீசி, ரேஷன் கார்டு, கொலுசு. இந்த மூன்றையும் வீட்டிலிருந்து எடுத்துப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் பத்திரமாக வைக்க வழி சொல்லும்படி அந்த அக்கா முதல் நாளே கேட்டிருக்கிறார். நாலு பக்கத்தில் மூன்று விஷயம் அவருடையது. மீதியெல்லாம் நாம் சேர்த்தது.

அப்போது நான் திட்டவில்லை. முகாதமாக இருந்த காலமென்றால் திட்டியிருப்பேன். அவள் ஏன் புகாரில் பிடிவாதமாக இருந்தாள் என்று பேசிக்கொண்டே போனோம். கடைசியில் அவள் அம்மா கதை வந்தது. சின்ன வயதில் அவள் அம்மாவுக்காக யாரும் போலீஸுக்குப் போகவில்லை. அந்தக் கேஸைத்தான் அவள் இங்கே நடத்திக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் அந்த அக்கா போனை எடுத்தபோது, 'நான் அவசரப்பட்டுட்டேன், மன்னிச்சிருங்க. டீசி விஷயம் பேசலாமா?' என்றாள். டீசியும் கார்டும் கொலுசும் அரிசிப் பைக்குள் போய்ப் பக்கத்து வீட்டுக்குச் சேர்ந்தன. புகார் பற்றி அந்த அக்காவே நாலு மாதம் கழித்துக் கேட்டார்.

எனக்கு மேற்பார்வை என்றால் இதுதான். வாரம் ஒரு மணி நேரம், ஒருவரோடு ஒருவர், கதவைச் சாத்திக்கொண்டு. நான் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்வி. தூங்கினாயா? இந்த வாரம் எந்தக் கேஸ் உன்னோடு வீட்டுக்கு வந்தது? அவர் உன்னிடம் என்ன கேட்டார்? இரண்டாவது கேள்விக்கு 'எதுவும் வரலையே அக்கா' என்று சிரித்துக்கொண்டே சொல்பவளைத்தான் நான் கூர்ந்து பார்ப்பேன். எதுவுமே வீட்டுக்கு வராத அளவுக்கு மரத்துப்போயிருந்தால், அடுத்து வரும் பெண்ணுக்கு இவள் காது திறக்காது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. அவசரகாலத்தில் இந்த வேலை செய்யும் அமைப்புகளெல்லாம் சேர்ந்து 2019-இல் 16 குறைந்தபட்சத் தரநிலைகளை வெளியிட்டார்கள். அதில் மருத்துவம் நாலாவது. பணியாளர் நலன் மூன்றாவது. முதன்முதலில் படித்தபோது வரிசை தப்பாக அச்சாகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த ஒரு மணியில் மீதி நேரம் நடித்துப் பழகுவது. நான் பாதிக்கப்பட்டவராக உட்காருவேன், அவள் கேஸ் ஒர்க்கராகவே இருப்பாள். எங்கள் அறையில் தடை செய்யப்பட்ட சொல் 'ஏன்'. 'ஏன் அந்த நேரத்துல அங்க போனீங்க?', 'ஏன் முன்னாடியே சொல்லலை?' தமிழில் 'ஏன்' என்று ஆரம்பித்தாலே பாதிக் கேள்வி குற்றச்சாட்டு. அதற்குப் பதில் 'அப்புறம்?' போதும். 'அப்புறம் என்னாச்சு?' என்று கேட்டால் பேச்சு நிற்காது. தடை செய்யப்பட்ட இன்னொன்று, 'கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்'. நமக்கு எப்படித் தெரியும் சரியாகும் என்று? 'நீங்க சொல்றதை நம்புறேன், இதுல உங்க தப்பு எதுவும் இல்லை' என்பது நாம் உறுதியாகச் சொல்லக்கூடிய வாக்கியம். அதைச் சொன்னால் போதும். 'கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க' பற்றி நான் பேசவே போவதில்லை, அது நம் எல்லார் நாக்கிலும் அத்தை வீட்டுச் சாமான் மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தெரிந்தே ஆகவேண்டிய விஷயங்கள் சில உண்டு. அவற்றை நான் பரீட்சை மாதிரியே கேட்பேன், இதில் தயவு கிடையாது. பாலியல் வன்முறை நடந்திருந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடைக்கு 5 நாள் வரை. இரண்டுமே சீக்கிரம் கொடுக்கக் கொடுக்க நல்லது. சிகிச்சைக்கு எஃப்.ஐ.ஆர். தேவையில்லை. அரசு, தனியார் எந்த ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவியும் சிகிச்சையும் தர வேண்டும் என்பது சட்டம். பெண்ணுறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இரு விரல் சோதனை கூடாது என்று சுகாதார அமைச்சகம் 2014-லேயே வழிகாட்டியது, உச்ச நீதிமன்றம் 2022-இல் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. நம் ஊரில் இதற்கெல்லாம் பழைய வேர் இருக்கிறது. போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குள்ளேயே டாடா சமூக அறிவியல் நிறுவனம் 1984-இல் பெண்களுக்கான தனிப்பிரிவைத் தொடங்கியது. 2000-இல் பாந்திரா பாபா ஆஸ்பத்திரியில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் 'திலாசா' மையம் வந்தது, ஆஸ்பத்திரிக்குள் இப்படி ஒன்று இந்தியாவில் அதுதான் முதல்.

இரகசியத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 'நீங்க சொல்றது எனக்குள்ளயே இருக்கும்' என்று முதல் வாக்கியத்திலேயே சத்தியம் செய்துவிடுகிறோம். எதிரில் இருப்பது பதினேழு வயதுப் பெண் என்றால் அந்தச் சத்தியம் பொய். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான பாலியல் குற்றங்களுக்கான 2012 போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி, அப்படி ஒரு குற்றம் தெரிந்தவுடன் காவல்துறைக்கோ சிறார் போலீஸ் பிரிவுக்கோ தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காவிட்டால் நமக்குத் தண்டனை. அதனால் அவள் வாயைத் திறக்கும் முன்பே, எது வரை என்னால் மறைக்க முடியும், எது முடியாது என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் அவள் பேசாமல் எழுந்து போய்விட மாட்டாளா என்று கேட்பார்கள். போகலாம். பேசிய பிறகு ஏமாந்து போவதைவிட அது அவளுக்குக் குறைந்த காயம்.

நமக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. தாராவித் தமிழர்களில் பெரும்பாலானோர் திருநெல்வேலிச் சீமை. 90 அடி சாலையில் ஒருவர் தும்மினால் ஊரில் சொந்தக்காரர் 'நூறு' என்பார். தமிழ் தெரிந்த கேஸ் ஒர்க்கர் வேண்டும் என்று தேடிப் பிடித்தால், அவள் பாதிக்கப்பட்டவரின் நாத்தனாருக்குப் பள்ளிக்கூடத் தோழியாக இருப்பாள். இந்தியில் தட்டுத்தடுமாறிப் பேசினாலும் பரவாயில்லை, ஊர்க்காரி வேண்டாம் என்று சொன்ன பெண்கள் உண்டு. அதைக் கேட்டு நம் தமிழ்ப்பற்று கொஞ்சம் அடிபடும், படட்டும். எங்கள் கோப்பில் பெயர் கிடையாது, எண்தான். இருந்தாலும் 'அந்த வளைவுல இருக்கிற பூக்காரி' என்று ஒரு வார்த்தை டீ குடிக்கும்போது வந்தால் எண் எதற்கு?

இப்போது என் கதை.

ஊரடங்குக்கு முன்னால், ஒரு வருடம் நான் மாதக் கூட்டத்தில் யார் அதிகக் கேஸ் முடித்தார்கள் என்று பலகையில் எழுதுவேன். முதல் இடத்தில் இருந்தவளுக்குக் கைதட்டு. நிதி கொடுப்பவர்களுக்கும் அந்த எண் பிடிக்கும். ஒரு நாள் மழைக்கு ஆபீஸ் முழுக்கத் தண்ணீர், கோப்புகளை வெயிலில் உலர்த்த விரித்துப் போட்டிருந்தோம். சும்மா புரட்டிப் பார்த்தேன். முதலிடக்காரியின் கோப்புகளில் ஒன்பது கேஸ் ஒரே வாசகத்தோடு முடிந்திருந்தது: 'போன் அணைக்கப்பட்டுள்ளது. கேஸ் முடிக்கப்பட்டது.' ஒன்பதுக்கும் கீழே என் கையெழுத்து. போனை யார் அணைத்தது என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. போனைப் புருஷன் உடைத்திருக்கலாம். அந்தப் பெண்ணை ஊருக்கு அனுப்பியிருக்கலாம். அதற்கு மேலும் இருக்கலாம்.

அவள் சோம்பேறி இல்லை. அந்த மாதம் அவள் கையில் நாற்பதுக்கு மேல் கேஸ் இருந்தது, கொடுத்தது நான். அந்த ஒன்பதில் நாலு பேரைத்தான் மறுபடி கண்டுபிடிக்க முடிந்தது. பலகையை அன்றைக்கே அழித்தோம். இப்போது ஒருவருக்கு இருபதுக்கு மேல் கொடுப்பதில்லை, கேஸ் முடிக்க வேண்டுமென்றால் அந்தப் பெண்ணே சரி என்று சொன்னாரா என்று எழுதியிருக்க வேண்டும். தொடர்பு அறுந்தால் எப்போது, யார் வழியாகத் தேடினோம், அப்படித் தேடியது அவருக்கு ஆபத்தாகாதா என்றும் எழுத வேண்டும். கையெழுத்துப் போடும் முன் நான் அந்த ஓரத்துச் சின்ன எழுத்தைத் தேடுவேன்.

உங்களில் பலருக்கு மேலே மேற்பார்வையாளர் என்று ஒருவரே இல்லை, தெரியும். இரண்டு பேராகச் சேர்ந்துகொள்ளுங்கள். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், ஆளுக்குப் பாதி. ஆலோசனை சொல்ல வேண்டாம், கேட்டால் போதும்.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது. கேள்வி இருந்தால் கேளுங்கள். ஆனால் கேட்கப்போவது உங்களிடம் இருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியென்றால் இங்கே மைக்கில் வேண்டாம், வராந்தாவில் நிற்கிறேன், தனியாக வாருங்கள்.