கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்

நண்பர்களே, வணக்கம். போர்க்காலக் கார்ட்டூன்களைச் சேகரிப்பவர் என்று என்னை அறிமுகப்படுத்தினார்கள். முதல் சில வருடங்கள் நான் சேகரிக்கவில்லை, பாழாக்கினேன் என்பதே சரி. பழைய பேப்பரிலிருந்து படத்தை மட்டும் கத்தரித்து நோட்டில் ஒட்டிவிட்டு, மிச்சத்தை எடைக்குப் போட்டேன். பாதிக் கதை அந்த எடையோடு போயிற்று.

1942 மார்ச். லண்டன் டெய்லி மிரரில் பிலிப் ஜெக் வரைந்த படம். இருண்ட கடலில், உடைந்த தெப்பத்தின்மேல் ஒரு மாலுமி குப்புறக் கிடக்கிறான். கண்ணுக்கெட்டிய தூரம்வரை வேறு யாருமில்லை. அடியில் ஒரே வரி: பெட்ரோல் விலை ஒரு பென்னி உயர்வு, அரசு அறிவிப்பு. அந்த வரிகூட ஜெக்குடையது அல்ல, சக எழுத்தாளர் வில்லியம் கானர் எடுத்துக்கொடுத்தது. வரியை வெட்டிவிட்டால் அது வெறும் சோகப் படம். வரியோடு பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

கடல் கடந்து கப்பலில் வரும் பெட்ரோல், நீங்கள் வீணாக்கும் அதற்காக ஒருவன் உயிரை விடுகிறான் என்பதுதான் ஜெக் சொல்ல வந்தது. எல்லாக் கட்சிகளும் சேர்ந்திருந்த சர்ச்சிலின் கூட்டணி அரசுக்கோ, எண்ணெய்க் கம்பெனிகளின் லாபத்துக்காக மாலுமிகள் சாகிறார்கள் என்று பட்டது. பத்திரிகையையே மூடிவிடுவோம் என்று எச்சரித்தார் உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன். விவகாரம் நாடாளுமன்றம்வரை போனது.

அப்புறம் 1945 மே 8, ஐரோப்பாவில் போர் முடிந்த நாள். கட்டுப் போட்ட சிப்பாய் ஒருவன் இடிபாடுகளுக்கு நடுவே நின்று வாகை மாலையை நம்மிடம் நீட்டுகிறான்: "இந்தா, மறுபடியும் தொலைச்சுடாதே!" இதுவும் ஜெக் வரைந்ததுதான். ஜூலை 5, தேர்தல் நாளன்று, அதே படத்தை மிரர் முதல் பக்கத்தில் திரும்பப் போட்டது. ஒரு கோடுகூட மாறவில்லை. மே மாதம் அமைதியைக் காப்பாற்றச் சொன்ன படம், ஜூலையில் ஓட்டுக் கேட்டது. ஜெயித்தது தொழிற்கட்சி, அதாவது பத்திரிகையை மூடுவேன் என்ற அதே மாரிசனின் கட்சி!

முழுப் பக்கங்கள் கிடைப்பது இன்று அரிது. போரில் காகிதத் தட்டுப்பாடு. படித்த பேப்பரையும் மறுபயன்பாட்டுக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

என் நோட்டிலும் அந்தச் சிப்பாய் இருக்கிறான். மேயா, ஜூலையா? பின்பக்கச் செய்தியைப் பார்த்தால் தெரிந்துவிடும். பசை தடவி ஒட்டியவன் நானேதான். நீராவி காட்டிப் பிரிக்கப் பார்த்தேன், மூலை பொடியாக உதிர்ந்தது. அத்தோடு விட்டுவிட்டேன்.