சில சைட் மட்டும் திறக்குதில்லையா? ரவுட்டரில இந்த ஒரு நம்பரைப் பாருங்கோ

வணக்கம் எல்லாருக்கும், இப்ப நான் திருகோணமலை உப்புவெளியில அக்கா வீட்டு விறாந்தையில இருக்கிறன், பின்னால கேக்கிறது கடல் காத்து, அதால சத்தம் கொஞ்சம் கரகரப்பா இருந்தா பொறுத்துக்கொள்ளுங்கோ. விசயம் என்னெண்டா மூண்டு நாளா இங்க யூடியூப் நல்லா ஓடுது, வாட்ஸ்அப் ஓடுது, ஆனா அக்கான்ர மகன் கம்பஸுக்கு விண்ணப்பிக்கிற சைட்டும் பேங்க் சைட்டும் சுத்திக்கொண்டே நிக்குது, போன் டேட்டாவில போட்டா உடனே திறக்குது. கஸ்டமர் கெயாருக்கு எடுத்தா புது ரவுட்டர் வாங்குங்கோ எண்டு சொல்லிட்டாங்களாம். தயவுசெய்து அவசரப்பட்டு காசைக் குடுக்காதீங்கோ, இதைப் பாத்திட்டு முடிவெடுங்கோ.

முதல்ல, சைட் பேரையே கண்டுபிடிக்கேலாது எண்டு உடனே எரர் வந்தா அது டிஎன்எஸ், அதாவது சைட் பேரை நம்பர் அட்ரஸா மாத்திற சேவையில பிரச்சினை, டிஎன்எஸ் செட்டிங்கில 8.8.8.8 இல்லாட்டி 1.1.1.1 போட்டுப் பாத்தா அநேகமா சரிவரும். ஆனா எரர் ஒண்டும் வராம சுத்திக்கொண்டே நிண்டா எம்டியு மேல சந்தேகப்படுங்கோ. எம்டியு எண்டா ஒரு பாக்கெட், அதாவது ஒரு டேட்டாத் துண்டு, எவ்வளவு பெரிசா போகலாம் எண்ட அளவு. சாதாரணமா 1500 பைட், பிபிபிஓஇ, அதாவது ரவுட்டர் யூசர்நேம் பாஸ்வேர்ட் குடுத்து இணையிற லைன் எண்டா அதுக்கே 8 பைட் போயிடும், மிச்சம் 1492. கோணேசர் கோயிலுக்குப் போற கோட்டை வாசல் தெரியும்தானே, அந்த வளைவுக்குள்ள உயரமா சாமான் ஏத்தின லொறி போகாது, வாசல்ல நிக்கிறவர் திருப்பி அனுப்பினா டிரைவர் சாமானைக் குறைச்சுக்கொண்டு திரும்ப வருவார், ஆனா அந்தத் தகவலை நடுவில ஆரும் பிளாக் செய்துவிட்டா அனுப்பினவருக்கு ஒண்டுமே தெரியாது, அதே பெரிய லொறியைத்தான் திரும்பத் திரும்ப விடுவார். சின்ன பாக்கெட் எல்லாம் போகும், பெரிசு வாற இடத்தில தொங்கும், அதுதான் எல்லா சைட்டும் இல்லாம சிலது மட்டும்.

இப்ப விண்டோஸில கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து பிங், மைனஸ் எஃப், மைனஸ் எல், 1464, பிறகு 1.1.1.1 எண்டு ஒவ்வொண்டுக்கும் இடைவெளி விட்டு அடியுங்கோ. இங்க டைம்ட் அவுட் வந்தது, அதாவது அந்த அளவு பாக்கெட் போகேல்ல. பத்துப் பத்தாக் குறைச்சு, பிறகு ஒண்டொண்டாக் கூட்டிப் பாத்தன், 1432 போகுது, 1433 போகேல்ல. அதோட 28 கூட்டுங்கோ, ஹெடருக்கான, அதாவது பாக்கெட்டுக்கு முன்னால ஒட்டுற விலாசத் தகவலுக்கான இடம் அது, மொத்தம் 1460.

பிறகு பிரவுசரில 192.168.1.1, சிலதுக்கு வேற அட்ரஸ், ரவுட்டருக்குக் கீழ ஸ்டிக்கர்ல இருக்கும். வான் (WAN) செட்டிங்ஸில, அதாவது வெளி இணைய லைனுக்கான பக்கத்தில, எம்டியு 1500 எண்டு கிடந்தது, அதை 1460 ஆக்கி சேவ் குடுத்து ரீஸ்டார்ட் செய்தன். மாத்த முதல் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வையுங்கோ, யூசர்நேம் பாஸ்வேர்டைத் தொடாதீங்கோ, கோபத்தில ரீசெட் ஓட்டையில ஊசியும் குத்தாதீங்கோ, அதுகள் அழிஞ்சா லைனே வராது.

இந்தா பாருங்கோ, விண்ணப்பப் பக்கம் திறந்திட்டுது, அக்கான்ர மகன் ஃபோம் நிரப்பத் தொடங்கிட்டான். உங்கட வீட்டில என்ன நம்பர் வந்தது, ஃபைபரா 4ஜியா எண்டு கீழ எழுதுங்கோ.